நீளமாகப் பேசியதெல்லாம்

என் மச்சினன் எனக்குத் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. வேன் இன்ஜின் படுத்துவிட்டது, வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று வந்து நின்றான். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் கையில் அவ்வளவு பணம் சும்மா கிடக்காது. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குள் தந்துவிடுகிறேன் என்றான். தரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கல்யாணத்தன்று மண்டபத்துக் கடைசி வரிசையில் வந்து நின்றவன், என் முகத்தைப் பார்க்காமல், கை நனைக்காமல் போய்விட்டான். அதுதான் எனக்குத் தைத்தது.

அதன் பிறகு நானும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. வீட்டில் அவன் பேச்சு வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். என் மனைவி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தம்பி பேச்ச எடுத்தா மட்டும் உங்களுக்கு அப்படி என்ன தாகம் எடுக்குது?"

அதோடு அவளும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளுக்குத் தொண்டை கட்டியது. சளி என்று வெந்நீர் குடித்துப் பார்த்தாள். சளி இல்லை, வேறு கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்று டாக்டர் சொன்னார். யோசிக்க நேரம் தரவில்லை. ஆள் மிஞ்சினாள், குரல் மிஞ்சவில்லை. கழுத்தில் சின்னத் துளை, அதன்மேல் ஒரு மெல்லிய துணி. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அவள் பேச்சுதான். வேலை முடிந்து வந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நான் அதில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது மின்விசிறி சுற்றுவது கேட்டது. அது இவ்வளவு சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒருவர் ஒரு வழி சொன்னார். பழைய குரல் பதிவுகள் நிறைய இருந்தால், அதை வைத்து அதே மாதிரிக் குரலை மிஷினில் உண்டாக்கலாம். இவள் ஃபோனில் எழுதினால் அது இவள் குரலிலேயே பேசும். ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து பேசுகிற பேச்சு எவ்வளவுக்கெவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றார்.

பதிவு என்று எங்களிடம் என்ன இருக்கும் என்று நினைத்தேன். என் படிப்பின்மைதான் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது தலை நரைத்த பிறகு. மூட்டையில் ஒட்டிய சீட்டைப் படித்துத்தான் அடுக்க வேண்டும் என்று கிடங்கில் சட்டம் வந்ததும், சங்கத்து அறையில் சாயங்கால வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். அதுவரை அவள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் ஃபோனில் பேசித்தான் அனுப்ப வேண்டும். நான் படிக்கப் பழகியதும் எழுதி அனுப்பத் தொடங்கினாள். அடுக்களையில் நின்றுகொண்டு ஹாலில் இருக்கிற எனக்கு அனுப்புவாள், "காப்பி வேண்டுமா" என்று. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்து, "வேணும்" என்று கத்துவேன். எனக்கு எழுத்து வந்தது, அவள் பேசி அனுப்புவது நின்றுபோனது. ஆபரேஷனுக்குப் பிறகு அதை நினைத்து நினைத்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்த வயதில் எனக்கு எதற்குப் படிப்பு என்று தோன்றியது.

பதிவுகளைச் சேர்க்கிற வேலையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். அவர் ஜாவாவில் எழுதுகிறவர். அது கம்ப்யூட்டருக்கான ஒரு பாஷை என்று மகள் சொல்லியிருந்தாள். வயதுக்கு என் பிள்ளை மாதிரிதான், ஆனாலும் மாப்பிள்ளை என்றால் வாங்க போங்கதான். வாயைத் திறந்தால் வரி போடுவார்கள் என்பதுபோல இருப்பார். "நம்ம மாப்பிள்ளைக்குப் பேச்சு கடன் வாங்கிக் குடுக்கணும்" என்று என் மனைவி அவர் காதில் விழும்படியே சொல்வாள். அவர் சிரிப்பார், அப்போதும் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கம் சொன்னார். ஃபோனுக்கு ஃபோன் அனுப்ப அனுப்பக் குரல் தேய்ந்துவிடுமாம். அதனால் இணையத்தில் ஒரு பக்கம் போடப்போகிறார். சொந்தக்காரர்கள் அதைத் திறந்து, தங்களிடம் இருக்கிற பதிவைத் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால், அது இருக்கிறபடியே இவரிடம் வந்து சேரும். வருவது முதலில் ஒரு தற்காலிக இடத்தில் தங்கும். குரல் பதிவு அல்லது வீடியோதானா என்று பார்த்து, பிறகு உள்ளே நிரந்தர இடத்துக்கு மாற்றும். இரண்டு பேர் ஒரே பெயரில் அனுப்பினால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பழையது அழிந்துவிடும் என்று, வருகிற ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். ஏதாவது சரியில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலேயே பணிவாக ஒரு வரியும் எழுதி வைத்திருந்தார். எல்லாம் யோசித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மகள் எல்லாருக்கும் அந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்பினாள். வரத் தொடங்கியது.

"எங்க இருக்கீங்க?" "வரும்போது சோப்பு." "பல்ப் ஃபியூஸ் போச்சு, வாங்கிட்டு வாங்க, போன தடவ மாதிரி மஞ்சள் வாங்கிட்டு வராதீங்க." இவை என் பழைய ஃபோனில் இருந்தவை. என் தங்கை அனுப்பியது: "ஃபோன எடுக்க மாட்டியா நீ? எடுத்தா வாடகையா கேக்கப் போறேன்?" பக்கத்து வீட்டுக்காரி அனுப்பியது: "உங்க பூனை எங்க சன்னல்ல." மகள் காலேஜ் படித்த காலத்தில் வந்தது: "மணி என்ன ஆச்சு?" அதில் வெறும் அந்த மூன்று வார்த்தைதான். ஆனால் கேட்கும்போது மகள் இப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எல்லாம் துண்டு துண்டு. எப்படியோ சேர்ந்தவரையில் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் கொடுத்தோம். முதல் குரல் தயாராகி வந்தது. மாப்பிள்ளை அதை என் மனைவியின் ஃபோனில் போட்டார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். அவள் யோசித்து, மாப்பிள்ளையைப் பார்த்து, எழுதினாள்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றது ஃபோன்.

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் வாசலில் நின்று வீட்டைக் காலி செய்யச் சொல்வதுபோல இருந்தது. மாப்பிள்ளை தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். மகள் சிரித்தாள், நான் சிரித்தேன், அவளும் தோள் குலுங்கச் சிரித்தாள். இன்னொன்று எழுதினாள்: "நன்றி." அது அடிக்க வருவதுபோல இருந்தது. "தூக்கம் வருது" என்பதைக் கேட்டால் தூங்கப் போனவனும் விழித்துக்கொள்வான்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் நிறுத்திவிட்டாள். ஃபோனில் எழுதி, பேச விடாமல், திரையை மட்டும் என் பக்கம் திருப்பினாள். நான் கூட்டிப் படித்தேன்.

"நான் எப்பவும் இப்படித்தான் பேசினேனா?"

வந்து சேர்ந்ததில் இருந்ததெல்லாம் அதட்டல்தான். மிஷின் தனக்குக் கொடுத்ததைத்தானே திருப்பித் தரும். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லம்மா, இன்னும் தேடுவோம் என்றாள். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். எழுதியே காட்டிக்கொள்கிறேன், இந்தக் குரல் வேண்டாம் என்று எழுதினாள். எழுந்து போய் ஃபோனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாளிலிருந்து ஒரு சின்னக் கரும்பலகையும் சாக்பீஸும் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டன. பலகையில் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதமாட்டாள். எங்கள் வீட்டில் ஓயாமல் பேசியவள் இரண்டு வார்த்தைக்காரி ஆனாள். கண்ணெதிரே ஆள் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் என் மச்சினன். கன்னம் ஒட்டி, முன் தலை வழுக்கை விழுந்து, வேன் ஓட்டுகிறவர்கள் போடுகிற அந்த நீலச் சட்டையோடு நின்றான். உள்ளே வரவில்லை. கையில் ஃபோனை நீட்டிப் பிடித்திருந்தான்.

"அத்தான், என் மேல கோவம் இருந்தா என்னைத் திட்டுங்க. அக்கா குரலக் கூடவா என்கிட்ட இருந்து வாங்கக் கூடாது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னடா சொல்ற என்றேன். மகள் எனக்குத் தெரியாமல் அவனுக்கும் அந்த முகவரியை அனுப்பியிருக்கிறாள். அவன் கிடைத்த நேரமெல்லாம், சிக்னலில் நிற்கும்போதுகூட, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் திரை, நடுவில் தடித்த இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. என் தங்கை அனுப்பினாளாம், போயிற்றாம். பக்கத்து வீட்டுக்காரி அனுப்பினாளாம், அதுவும் போயிற்றாம். எல்லாருக்கும் திறக்கிற கதவு எனக்கு மட்டும் மூடுகிறது என்றால் மூடச் சொன்னது யார் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

"அந்தப் பணத்துக்காக என்னைத் தடுத்து வெச்சிருக்கீங்க. சரி. அதான் நேர்ல கொண்டாந்தேன். காப்பி பண்ணிக்கிட்டு ஃபோனக் குடுங்க, போயிடறேன்."

நான் எங்கே தடுத்தேன், எனக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே மகள் வேண்டும். இதைச் சொல்வதற்குள் உள்ளிருந்து மாப்பிள்ளை வந்தார். அவன் கையிலிருந்த ஃபோனை வாங்கினார். பொத்தானை அழுத்தினார். வெள்ளைத் திரை வந்தது. அதைப் பார்த்த மாப்பிள்ளையின் முகமும் அதே நிறத்துக்குப் போனது.

"இந்த ஃபைல் எவ்ளோ நேரம் ஓடும் மாமா?" என்று அவனைக் கேட்டார்.

"அக்கா ஃபோன வெச்சாத்தானே தெரியும்," என்றான் அவன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் வேனில் கொண்டுபோகிற பார்சலை வாங்குகிறவர்கள் முகவரியை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு நான் சொல்லவே இல்லை என்பார்களாம். அதற்காக வருகிற அழைப்பையெல்லாம் தானே பதிவு செய்கிற மாதிரி ஃபோனை அமைத்து வைத்திருக்கிறான். அதில் அக்காவின் அழைப்பும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. நான் வேலைக்குப் போன நேரத்தில் அவள் அவனோடு பேசியிருக்கிறாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, கல்யாணத்திலிருந்து அவள் குரல் போகும்வரை நாலு வருஷமும். மணிக்கணக்கில்.

மாப்பிள்ளை மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். நான் பின்னால் போய் நின்றேன். அமைப்புகள் எழுதுகிற பக்கத்தை மேலும் கீழும் தேடினார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஃபைல் எவ்ளோ பெருசா இருக்கலாம்னு நான் எழுதவே இல்ல மாமா. எழுதாம விட்டா அதுவா ஒரு எம்பி, அதாவது சில நிமிஷப் பேச்சுதான்னு வெச்சிக்கும். சின்னச் சின்னதா திட்டினது எல்லாம் உள்ள வந்துடுச்சு. அத்தை நீளமா பேசினது ஒன்னுகூட வரல."

பிறந்தநாள் வீடியோ போகவில்லை என்று என் தங்கை சொன்னதை நினைவுபடுத்தி, நெட் சரியில்லை என்று விட்டுவிட்டோமே என்று மகள் கேட்டாள். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். போகாததையெல்லாம் விட்டுவிட்டு, போகிற அளவுக்குச் சின்னதாக இருந்ததை அவரவர் தேடி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் சேர்த்துக்கொண்டிருந்தது அவள் பேச்சை அல்ல. அவசரத்தில் அவள் சொன்னதை மட்டும்.

ஒரு ஃபைலுக்கு இவ்வளவு, ஒரு தடவைக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு வரி எழுதினார். நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். என் மச்சினன் வாசலில் நின்றபடியே பொத்தானை அழுத்தினான். மறுபடியும் வெள்ளைத் திரை.

"பாத்தீங்களா," என்றான் என்னைப் பார்த்து.

மாப்பிள்ளை மறுபடி தேடினார். அவருடைய நிரலுக்கு முன்னால் இன்னொரு சர்வர் காவல் நிற்கிறதாம். வருகிறவரை முதலில் பார்ப்பது அதுதான். அதற்கும் அதே ஒரு எம்பி கணக்கு. அதனால்தான் இவர் பணிவாக எழுதி வைத்த தமிழ் வரி யாருக்குமே போய்ச் சேரவில்லை, வெளி வாசலிலேயே திருப்பிவிட்டிருக்கிறது. உள் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளிக் கேட்டைப் பூட்டியே விட்டிருக்கிறார். அங்கேயும் ஒரு வரி எழுதினார்.

இதற்குள் சத்தம் கேட்டு என் மனைவி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். தம்பியைப் பார்த்தாள். பலகையை எடுக்கவில்லை. நேராகப் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அதற்குக் குரல் தேவைப்படவில்லை.

"இப்ப அழுத்துங்க," என்றார் மாப்பிள்ளை.

அழுத்தினான். திரையில் ஒரு பச்சைக் கோடு கிளம்பியது. மெதுவாக, கர்ப்பிணி படி ஏறுவதுபோல ஏறியது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்து, முழுக்கப் போய் முட்டி, "வந்து சேர்ந்தது, நன்றி" என்று மாப்பிள்ளையின் தமிழ் முதல் தடவையாக ஒரு பெரிய பதிவுக்குப் பதில் சொன்னது.

அவர் அதை ஓடவிட்டார்.

முதலில் வேன் சத்தம். பிறகு அவள். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். சட்டையில் கிரீஸ் பட்டால் எப்படித் துவைப்பது என்று சொன்னாள். குக்கர் விசில் அடித்தது, இரு வரேன் என்று போய்விட்டு வந்தாள், விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். எங்கள் ஹாலில் மின்விசிறிச் சத்தம் காணாமல் போயிற்று. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உன் அத்தான் படிக்கப் பழகிட்டாருடா," என்றது அவள் குரல். "சுவத்துல ஒட்டின நோட்டீஸ ஒன்னு விடாம நின்னு படிக்கறாரு, பஸ்ஸு போயிடுது. நான் அடுக்களையில இருந்தே எழுதி அனுப்புவேன். எதுக்குத் தெரியுமா? அவரு அத சத்தமா கூட்டிப் படிப்பாரு பாரு, அந்தச் சத்தம் கேக்கணும்டா எனக்கு. அது ஒரு அழகு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவில் இருந்தது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தாலாட்டுக் கேட்கிற பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பணம் பெருசில்லடா," என்று தொடர்ந்தது. "நீ சாப்பிடாமப் போனதுதான். ஊர் மூட்டைய எல்லாம் இறக்கி வெக்கற மனுஷன், உன்னை மட்டும் இன்னும் தோள்லயே வெச்சிட்டுத் திரியறாரு. ஒருநாள் வா."

அதற்குமேல் பதிவில் வேன் ஹாரன்தான். என் மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தாகம் எடுத்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவனிடமிருந்த அழைப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. என் தங்கையின் பிறந்தநாள் வீடியோவும் வந்தது. பேச்சுப் பயிற்சி அம்மா அவனுடைய குரலையும் ஹாரனையும் வெட்டி எடுத்துவிட்டு, அவள் பேசியதை மட்டும் மிஷினுக்குக் கொடுத்தார். புதுக் குரல் தயாரான அன்று மச்சினனையும் வரச் சொல்லியிருந்தோம். அவன் வரும்போதே சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் முன் வைத்தான். பாதிதான் இருக்கு அத்தான், மீதியை மாசாமாசம் தந்துவிடுகிறேன் என்றான்.

நான் அதை எடுத்து அவன் பையிலேயே திரும்பச் செருகினேன்.

"எங்க கிடங்குல யாராவது சரக்கு வெச்சா வாடகை உண்டு. நீ நாலு வருஷமா என் சரக்க உன் ஃபோன்ல வெச்சிருந்திருக்க. ஒரு பொட்டலம் குறையாம திருப்பிக் குடுத்துட்ட. வாடகையக் கழிச்சா என் பணம் சரியாப் போச்சு."

"அப்ப பாக்கி, அத்தான்?"

"பாக்கி ஒன்னும் இல்ல. முடிஞ்சது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் என் மனைவி அலமாரியிலிருந்து மீட்டெடுத்த ஃபோனில் எழுதி, அதை உயரத் தூக்கிப் பிடித்தாள். குக்கர் விசிலுக்கும் பூனைக் குட்டிக்கும் நடுவில் பேசிய அந்தக் குரல், நிதானமாக, எங்கள் வீட்டில் பேசியது.

"கணக்கு முடிஞ்சா தம்பிய சாப்பிட வைங்க. ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க."

அந்த "வாங்க"வில் மட்டும் கொஞ்சம் அதட்டல் இருந்தது. அது பழைய சின்ன ஃபைல்களிலிருந்து வந்திருக்கும். இருக்கட்டும் என்று இருவரும் எழுந்து போய்க் கையை நனைத்தோம்.